சைவக் கட்டடத்தில் ஒரு கடல்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கடல் இருந்தது. அதில் மீன் இல்லை.

வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடித் தொட்டியைப் பார்ப்பார்கள். வெள்ளை மணல், நாலைந்து பாறைகள், நீல விளக்கு, ஓயாமல் ஓடும் மோட்டார். குனிந்து பாறைக்குப் பின்னால் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "மீன் எங்க?" என்பார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மோனியாவில் தொடங்குவேன். நைட்ரைட்டுக்குப் போவதற்குள் என் மனைவி சமையலறையிலிருந்து, "தண்ணி பழுக்குது. பழுத்த பொறவு மீன் வரும்" என்று முடித்துவிடுவாள். எனக்கு அதைப் புரிந்துகொள்ள ஏகப்பட்ட வீடியோக்கள் தேவைப்பட்டன.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் உயிர் ஊசலாடியது மீனுக்கு இல்லை, வீட்டுக்குத்தான்.

நானும் மனைவியும் தாராவியில் பிறந்து வளர்ந்தவர்கள். இப்போது குடியிருக்கும் மாட்டுங்கா அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் "என்னல", இந்தப் பக்கம் "என்ன ஓய்". நடுவில் தண்டவாளம். தாராவியில் எங்கள் சந்து முனையில் பொதுக் கழிப்பறை. என் மனைவி கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அந்த வரிசையில் வாளியோடு நின்றவள். மாட்டுங்கா வீட்டில் கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருந்தது. வெள்ளை ஓடு, உள்பக்கம் தாழ்ப்பாள். குடிவந்த அன்று உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று கதவைத் தட்டினேன்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் இருக்கேன்" என்றாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, "உங்கள விட்டுட்டுக்கூட இருந்துருவேன், இந்த வீட்ட விட்டுட்டு இருக்க மாட்டேன்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. யோசித்துச் சொன்னாள்.

வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் விதிமுறைகளுக்கு அர்த்தம் சொல்லும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் மாமா. கட்டடம் முழுக்கச் சைவம். எங்களுக்கு அவர் போட்டது ஒரே நிபந்தனை: "மாம்சம், மீன், முட்டை ஆத்துக்குள்ள வரப்படாது. வெளியில என்ன வேணா சாப்பிட்டுக்கோங்கோ, அது உங்க இஷ்டம். எங்க அடுப்புல ஏறப்படாது." ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. புதுப்பிக்கும் சமயத்தில் மேலே வருவார். சமையலறை வாசலில் நின்று மூச்சை ஒருமுறை ஆழமாக உள்ளே இழுப்பார். அதுதான் இன்ஸ்பெக்‌ஷன். முதல் முறை தேறிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியில் என் அக்கா வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டு, எலுமிச்சை தேய்த்துக் கை கழுவி, சோம்பு மென்று, பாலம் ஏறி இறங்கும்போது நாங்கள் சைவர்களாகியிருப்போம்.

சமையலறைக்குள் மீன் வரக் கூடாது, ஹாலுக்குள் வரலாமா? இந்தச் சந்தேகம் எனக்கு வந்திருக்கக் கூடாது. வந்தது. மாமாவிடமே கேட்டேன்.

"உயிரோடதானே?"

"உயிரோடதான் மாமா."

"அப்ப என்ன? ஜீவகாருண்யம்" என்றார்.

செம்பூரில் வேலை மாற்றலாகிப் போகிற ஒருவரிடம் பழைய தொட்டி கிடைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் வந்தேன். தங்கமீன் நாலு வாங்கி விட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், தூத்துக்குடிக்காரர். நல்ல தண்ணீரில் வாழ்கிற எதையும் அவர் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. "அது புழு மாப்ள" என்பார். ஆகவே கடல் என்று முடிவாயிற்று.

கடலுக்கு உப்பு வேண்டும். குர்லாவில் வளர்ப்பு மீன் கடைக்காரர் அதற்கென்றே உள்ள உப்பை வாளியில் அடைத்து விற்றார். அத்தானிடம் சொன்னேன்.

"உப்பா? டப்பாவுல அடச்சா? தூத்துக்குடிக்காரனுக்கேவா?" என்று கேட்டவர், அடுத்த நாள் தோளில் ஒரு சாக்கோடு வந்து இறங்கினார். "எங்க ஊரு கல்லுப்பு. கடல்லேருந்து நேரா வந்தது. போடு, யோசிக்காம பிந்தாஸா போடு."

போட்டேன். உப்பு அளக்கும் கருவி கடல் என்றே சொன்னது. மற்ற சோதனைகள் எதுவும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உப்பளத்தில் உப்பு மட்டும்தான் பாத்தியில் படிந்து நமக்கு வருகிறது. கடலில் இருக்கிற கால்சியம், மக்னீசியம் முதலான மற்ற சரக்கெல்லாம் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது என்று பிறகுதான் படித்தேன். நான் செய்து வைத்திருந்தது கடல் இல்லை. மாங்காயை வெட்டிப் போட்டிருந்தால் ஊறுகாய் ஆகியிருக்கும். தண்ணீரை எல்லாம் வடித்துவிட்டுக் கடைக்காரரின் வாளி உப்பைக் கரைத்தேன். அத்தான் அதற்கப்புறம் கொஞ்ச நாள் என்னை மாப்ள என்று கூப்பிடவில்லை.

இனிப் பழுக்க வைப்பது. மீன் கழிக்கிறதெல்லாம் அம்மோனியா ஆகிறது. அம்மோனியா மீனுக்கு விஷம். ஒரு ஜாதிக் கிருமி அதைத் தின்று நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷம். இன்னொரு ஜாதிக் கிருமி அதைத் தின்று நைட்ரேட் ஆக்குகிறது. அதோடு மீன் ஒருமாதிரி காலம் தள்ளிவிடும். அரசு அலுவலகத்தில் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குக் கோப்பு நகர்வதுபோல்தான். ஒவ்வொரு மேஜையிலும் ஆள் வந்து உட்கார வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மீனை விடக் கூடாது. ஆனால் கோப்பு இல்லாமல் ஆள் எப்படி வரும்? அதற்குத்தான் முதலில் ஏதாவது ஒன்றைத் தொட்டியில் அழுகப் போட வேண்டும். எல்லா வீடியோவிலும் ஒரே பண்டம்தான்: பச்சை இறால் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம், "அக்கா, ஒரு இறால் வேணும்" என்றேன்.

"ஒரு கிலோவா?"

"ஒரு இறால்."

அரிவாள்மணையை நிறுத்திவிட்டு அத்தானைப் பார்த்தாள். "மாட்டுங்காவுக்குப் போயி எந்தம்பிக்கு என்னமோ ஆயிட்டு. ஒரு இறால் கேக்கான்."

"திங்கிறதுக்கு இல்லக்கா. அழுகப் போடணும்."

"நல்ல இறாலயா?"

"ஏதோ ஒண்ணு இருந்தாப் போதும்."

"ஏதோ ஒண்ணுல்லாம் நம்ம வீட்டுல கிடையாது. இருக்கது நல்ல இறால்தான்" என்றாள்.

இருந்ததிலேயே பெரியதாக ஒன்றைப் பொறுக்கி, ஓடு உரித்து, முதுகில் கீறிக் குடல் எடுத்து, உப்பும் மஞ்சளும் தேய்த்துக் கொடுத்தாள். மஞ்சள் தேய்க்காமல் கடலிலிருந்து வந்த எதையும் என் அக்கா இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. வீட்டுக்குப் போய்க் கழுவினால் மஞ்சள் போய்விடும் என்று நினைத்தேன். மஞ்சள் தேய்த்த மீனைப் பல் முளைத்த நாளிலிருந்து தின்கிறவன் நினைக்கிற நினைப்பா அது?

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி, அந்தப் பொட்டலத்துக்கு அடியில் இறாலை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மாமா வீட்டுக் கதவைத் தாண்டும்போது பூவை மூக்கருகில் வைத்து முகர்ந்துகொண்டேன். யாரும் பார்க்கவில்லை. என் திருப்திக்குத்தான்.

"என்னது கையில?" என்றாள் மனைவி.

"பூ."

"பூவுக்கு அடியில?"

"பாக்டீரியாவுக்குச் சாப்பாடு."

அவள் பூவையும் வாங்கவில்லை. "வீட்ட மறுபடி எழுதிக் குடுக்க மாமா வரப்போற நேரம். இப்பப் போயி இந்த லஃப்டா தேவையா?"

"இது சமையல் இல்லளா. அடுப்புல ஏறப்போறதில்ல."

"மூக்குக்கு அடுப்பத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இறாலை ஒரு வலைப் பையில் போட்டுத் தொட்டியில் தொங்கவிட்டேன். கழுவியும் போகாத மஞ்சளோடு அது நீல விளக்கில் கல்யாணப் பெண்போல் ஆடிக்கொண்டிருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்லத் தொடங்கியது. மனைவி சாம்பிராணி போட்டாள். சாம்பிராணியும் அழுகிய இறாலும் சேர்ந்து வரும் வாசனைக்குத் தமிழில் சொல் இல்லை. தேவைப்பட்டிருக்காது. சோதனைக் குழாயில் அம்மோனியா கரும்பச்சை காட்டியது. நான் ஒருவன்தான் சந்தோஷமாக இருந்தேன்.

அப்போதுதான் மாமா வந்தார். சொல்லாமல் வந்தார். வழக்கம்போல் சமையலறை வாசலில் நின்று மூச்சை இழுத்தார். அங்கே ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பி ஹாலில் இன்னொரு முறை இழுத்தார். பிறகு அவர் நடக்கவில்லை, மூக்கு நடந்தது, அவர் பின்னால் போனார். தொட்டி முன் நின்றார்.

"மீன் எங்கே?"

"இன்னும் வரல மாமா."

"வராத மீனுக்கு வாசனை மட்டும் முன்னாடியே வந்துடுத்தா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "அது என்ன?"

"இறால் மாமா."

"உயிரோட இருக்கா?"

"இல்ல மாமா."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. நான் அம்மோனியாவில் தொடங்கி ஒவ்வொரு மேஜையாகச் சொன்னேன். அவர் கேட்ட மாதிரி என்னை யாரும் கேட்டதில்லை. விதிமுறைப் பிரியர், ஒரு படியையும் விடவில்லை.

"தயிருக்கு உறை குத்தற மாதிரி" என்றார்.

"அதேதான் மாமா."

"இது அழுகினாத்தான் கிருமி வரும். கிருமி வந்தாத்தான் மீன் பிழைக்கும்."

"அதேதான் மாமா."

"ஆக, இது சாப்பாடு இல்லை."

"இல்லவே இல்ல மாமா." ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்ப மஞ்சள் ஏன் தடவியிருக்கு?"

நான் இறாலைப் பார்த்தேன். வெண்பஞ்சு படர்ந்திருந்தது, அதற்குள்ளும் மஞ்சளாகவே இருந்தது.

"கிருமிக்குச் சமைச்சுப் போடறேளா?"

"அக்கா தடவினது மாமா" என்றேன். உண்மையைச் சொல்லி நிலைமையை மோசமாக்குவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

"அக்கா எங்க இருக்கா?"

"தாராவியில."

"அப்ப சமையல் இங்க ஆகலை."

"ஆகல மாமா."

"அங்க ஆரம்பிச்சு இங்க வந்திருக்கு. அதுக்குப் பேர் பார்சல்" என்றார்.

மனைவி வெளியே வந்தாள். கை ஈரம். "மாமா, இந்தத் தொட்டிய இன்னைக்கே தூக்கிருதோம். வீட்ட மட்டும் எழுதிக் குடுத்துருங்க மாமா." என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் அவளைப் பார்க்க முடியாமல் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

மாமா நிமிர்ந்தார். "தொட்டியை ஏம்மா தூக்கணும்? மீன் வளர்க்கறேன்னு எங்கிட்டக் கேட்டார், சரின்னேன். தூக்கிட்டா அப்ப மீன்னு சொன்னது பொய்னு ஆயிடும். பொய் சொல்றவாளுக்கு நான் எழுதிக் குடுக்கறதில்லை." கண்ணாடியைக் கழற்றினார். "உயிரோட இருந்தா அது ஜீவன். செத்துட்டா அது அசைவம். நான் பேப்பரோட வரச்சே இதுல ஜீவன் இருக்கணும். அசைவம் இருந்தா..." முடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "வரப்போற மீன் என்ன சாப்பிடும்?"

நான் மனசில் வைத்திருந்தது ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். அது இறால் குஞ்சை விரும்பிச் சாப்பிடும்.

"பாசி மாமா" என்றேன். அந்த நிமிடம் மீனையும் மாற்றிக்கொண்டேன்.

அவர் போனதும் இறாலை வெளியே எடுத்தேன். கட்டடத்துக் குப்பைக்கூடையில் போட மனைவி விடவில்லை, குப்பை எடுக்க வருபவர் யாருடையது என்று வாய்விட்டுக் கேட்பார். ஆகவே நாலு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, தாராவிக்கே கொண்டு போனேன். ஒரே இறாலை இரண்டு முறை பாலம் தாண்டவைத்தவன் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அக்கா பையை வாங்கித் திறந்து பார்த்தாள். மூடிவிட்டாள்.

"பிடிக்கலயாக்கும்" என்றாள்.

இறால் போனாலும் அது விட்டுப்போன அம்மோனியா இருந்தது. இனிக் கிருமிகளின் வேலை. அன்றிலிருந்து சோதனைக் குழாய்கள் மனைவி கைக்குப் போய்விட்டன. காலையில் எழுந்ததும் முதலில் தொட்டி, அப்புறம்தான் தாழ்ப்பாள் போட்ட அறை. குழாயில் சொட்டு விட்டுக் குலுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அம்மோனியா இருந்தால் பச்சை, ஒழிந்தால் மஞ்சள். நைட்ரைட் இருந்தால் ஊதா, ஒழிந்தால் நீலம். பச்சை வெளுத்துக்கொண்டே வந்தது. ஊதா அசையவில்லை. இரண்டாவது மேஜைக்கு ஆள் வரவில்லை.

நான் பொறுமை இழந்து, "ஒரு மீன விட்டுப் பாப்போமே, திடமான மீனா" என்றேன்.

"செத்தா அசைவம்" என்றாள்.

தண்ணீர் ஆவியாகிக் குறைந்தது. குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றினேன். உப்பு ஏறிக்கொண்டே போனது. ஏன் என்று படித்துக்கொண்டிருந்தேன்.

"குழம்பு வத்துனா உப்பா போடுவீங்க? பச்சத்தண்ணிதான ஊத்துவீங்க. ஆவியாப் போறப்ப உப்பயும் தூக்கிட்டா போவுது?" என்றாள். அதற்கப்புறம் குடிநீர் ஃபில்டர் தண்ணீர் மட்டும் ஊற்றினோம். குடம் நிறையும்வரை நாங்கள் குடிக்காமல் காத்திருந்தோம். காரத்தன்மை இறங்கியபோது, சோடா உப்புப் போட்டால் ஏறும் என்று வீடியோவில் சொன்னார்கள். அவள் ஆப்ப சோடா டப்பாவைத் திறந்து, சிட்டிகையைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அந்த வாரம் ஆப்பம் இல்லை.

ஒருநாள் காலை ஊதாவும் போயிற்று. மறுநாளும் பார்த்தாள். போனது போனதுதான். பாதித் தண்ணீரை மாற்றினோம். வேண்டுமென்றே விளக்கை அதிக நேரம் எரியவிட்டுக் கண்ணாடியில் பாசி பிடிக்கவைத்தோம். ஊரெல்லாம் பாசி போக வழி கேட்கிறார்கள், நான் குர்லாவுக்குப் போய்ப் பாசி வருவதற்கு வழி கேட்டேன். கடைக்காரர் எனக்கு டீ சொன்னார்.

மீன் பெயர் பிளென்னி. பாசி மேயும் ஜாதி. விரல் நீளம், சேற்று நிறம். பார்வைக்கு ஒன்றுமில்லை. நீந்துவதில் விருப்பமில்லாமல் முன் துடுப்பை ஊன்றிப் பாறைமேல் உட்கார்ந்து, இரண்டு கண்ணையும் தனித்தனியாக உருட்டி, போகிற வருகிறவர்களைச் சந்தேகப்படும். யார் சாயலோ அடிக்கிறதே என்று நினைத்தேன். மனைவி வாய்விட்டே சொன்னாள். "கீழ் வீட்டு மாமா." பையில் வந்த தண்ணீரோடு எங்கள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அதை உள்ளே விட்டோம். விட்டதும் பாறைப் பொந்துக்குள் போய்விட்டது.

மாமா பேப்பரோடு வந்த காலையிலும் அது பொந்துக்குள்தான் இருந்தது. இருக்கிறது என்று நம்பினோம்.

"மீன் எங்கே?"

"உள்ள இருக்கு மாமா."

"கண்ணுக்குத் தெரியலேன்னா இருக்குன்னு எப்படி எடுத்துக்கறது?" நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேப்பர் மடியில் இருந்தது. மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். காப்பி வாசனை மட்டும்தான் வந்தது. அது நல்ல சகுனமா என்று தெரியவில்லை. மனைவி முந்தானை நுனியை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள்.

பொந்திலிருந்து முதலில் ஒரு கண் வந்தது. பிறகு இன்னொன்று. தத்தித் தத்திப் பாறைமேல் ஏறி உட்கார்ந்து மாமாவைப் பார்த்தது. மாமா அதைப் பார்த்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். யார் யாரை இன்ஸ்பெக்‌ஷன் செய்கிறார்கள் என்று சொல்வது கஷ்டம். பிறகு அது கண்ணாடிக்கு வந்து, அவர் மூக்குக்கு நேராக வாயை ஒட்டிப் பாசியைச் சுரண்டத் தொடங்கியது.

"பாசியா?"

"பாசிதான் மாமா."

"வேற ஒண்ணும்?"

"காஞ்ச கடல்பாசி குடுப்போம்."

"நாங்களாவது வெங்காயம் சேர்த்துப்போம்" என்றார். தொட்டி மூடிமேல் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "குடித்தனக்காரன்னா இப்படி இருக்கணும்" என்றார். என்னைச் சொல்லவில்லை.

அவர் செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை நாங்கள் அசையவில்லை. பிறகு மனைவி அந்தப் பேப்பரை எடுத்து சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் வரவில்லை. இந்த முறை நான் கதவைத் தட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மாமா மூக்கு இருந்த இடத்தில் மீன் சுரண்டி வைத்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளிருந்து குரல் வந்தது. "ஏங்க, இன்னைக்கித் தண்ணி பாக்கவே இல்ல. பாத்தீங்களா?"

குழாயில் சொட்டு விட்டுக் குலுக்கி, ஜன்னல் பக்கம் பிடித்தேன்.

"மஞ்சள்" என்றேன்.

"அப்ப சரி" என்றாள். "கொஞ்சம் கழிச்சு வாரேன்."